இருபது சனிக்கிழமைகள்

சண்முகசுந்தரி கோபக்காரி என்று தெருவில் யாரும் சொன்னதில்லை. குழாயடியில் வரிசையைத் தாண்டிக் குடத்தை நீட்டுகிறவளிடம்கூட, "பிடிச்சுட்டுப் போட்டீ, ஒனக்கு என்ன அவசரமோ" என்று ஒதுங்கி நிற்கிறவள்தான். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு கோபம் வந்தது. வந்தது வந்ததுதான், இரண்டு வருசத்துக்கு இறங்கவில்லை.

அது பதிவுத்தபாலில் வந்தது. ஆனி மாதக் காற்று சங்கரன்கோவில் தெருப்புழுதியை எல்லாம் அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம். சுந்தரி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, ஈரத்துணியில் பரப்பிய பிச்சிமொட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு முன்னால் பூ கோயில் வாசல் கடைக்குப் போயாக வேண்டும். உள்ளே கட்டிலில் அவள் புருசன் துரைப்பாண்டி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கையும் காலும் வற்றி, வயிறு மட்டும் ஏழு மாதக்காரிக்கு உள்ளதுபோல் உப்பியிருந்தது.

மகள் பொன்செல்வி உறையைக் கிழித்தாள்.

"சத்தமா வாசி மக்கா. அப்பாவுக்கும் கேக்கட்டும்."

"'மனுதாரர் தொடர்ந்து பணிசெய்ய இயலாத உடல்நிலையில் உள்ளார் என்பது மருத்துவக் குழுவால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. எனினும் மேற்படி இயலாமை, அவரது ஒழுங்கற்ற...'" பொன்செல்வி நிறுத்தினாள்.

"ஒழுங்கற்ற? மேல வாசி."

"'...ஒழுங்கற்ற குடிப்பழக்கத்தினால் ஏற்பட்டது என்பதால், இயலாமை ஓய்வூதியம் கோரும் மனு நிராகரிக்கப்படுகிறது.'"

சுந்தரியின் விரலிடுக்கில் நார் அப்படியே நின்றது. "யாருக்குக் குடிப்பழக்கம்?"

"அப்பாவுக்குத்தாம்மா."

கட்டிலில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. இருமலில் போய் முடிந்தது. "இருபத்தஞ்சு வருசமா ஒரு குடிகாரன்கூடத்தான் குடும்பம் நடத்தியிருக்க, தெரியாமப் போச்சே ஒனக்கு," என்றார் துரைப்பாண்டி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

துரைப்பாண்டி பாசனத் துறையில் லஸ்கர். ஊருக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் செங்கட்டிப்பேரி குளத்துக்கு அவர்தான் காவல். மடையைத் திறப்பது, அடைப்பது, கரையில் கசிவு கண்டால் மண்மூட்டை போடுவது, முறைத்தண்ணிக்கு அரிவாளைத் தூக்கிக்கொண்டு வருகிற வயற்காட்டுச் சம்சாரிகளைச் சமாதானம் பண்ணி அனுப்புவது எல்லாம் அவர் வேலை. ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, ஷட்டரில் சிக்கிய முள்ளையும் செத்த ஆட்டையும் கையால் இழுத்துப் போடுவார். இதெல்லாம் போக ஒன்று உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு மடைச்சுவரில் வரைந்திருக்கும் அளவுக்கோட்டைப் பார்த்து, நீர்மட்டம் இத்தனை அடி என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மழையோ வெயிலோ, குளத்தில் தண்ணீர் உண்டோ இல்லையோ, எழுத வேண்டும். லீவு எழுதிக் கொடுத்த நாளில் பக்கத்துக் குளத்து லஸ்கர் மாரிராஜ் வந்து எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

இரண்டாயிரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஐப்பசி அடைமழையில் மடைமேலேயே சுருண்டு விழுந்தார். ஈரலில் கிருமி என்றார்கள். ஊசியாலோ ரத்தத்தாலோ எப்பவோ வந்து, வருசக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலை அரித்துவிட்டதாம். இனிமேல் சாப்பாட்டில் உப்பு கூடாது, குனிந்து நிமிர்கிற வேலை கூடாது என்றார்கள். அன்றிலிருந்து சுந்தரி வீட்டில் உப்பில்லாமல்தான் உலை வைத்தாள். அவளுக்கும் அதே கஞ்சி, உப்பில்லாத அதே கீரைக்கடைசல். "ஒனக்கு என்னட்டி வந்துச்சு, நீ போட்டுத் தின்னேன்," என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். "ரெண்டு சட்டி கழுவ எனக்கு நேரமில்ல," என்பாள்.

அப்படிப்பட்டவரைத்தான் ஒரு காகிதம் குடிகாரர் ஆக்கியது.

"வேலைக்கும் லாயக்கில்ல, ஓய்வூதியத்துக்கும் லாயக்கில்லன்னா வேற எதுக்குத்தான் லாயக்குங்காக?" என்று சுந்தரி கேட்டாள். கேட்டது மகளிடம் இல்லை. காகிதத்திடம்.

அன்றைக்குக் கட்டிய பூவில் பாதி, கடைக்காரி கையில் எடுத்ததும் உதிர்ந்துபோயிற்று.

இந்தக் குடிப்பழக்கம் எங்கே இருந்து முளைத்தது என்பது சுந்தரிக்குத் தெரியும். அதுதான் அவளை உள்ளுக்குள் அறுத்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு, ஒரு சின்ன வயசு டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "குடிப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். துரைப்பாண்டி யோசித்தார். யோசித்துவிட்டு, "வருசத்துக்கு ஒருக்க," என்றார்.

"எவ்வளவு?"

"அது சாமி இஷ்டம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். என்னவோ எழுதினார். சுந்தரி பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செங்கட்டிப்பேரிக் கரையில் சுடலைமாடன் பீடம் இருக்கிறது. துரைப்பாண்டியின் தாத்தா காலம் தொட்டு அந்த வீட்டுக்காரர்தான் சாமியாடி. சித்திரை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை கொடை விழா. அன்றைக்குச் சல்லடமும் குல்லாயும் மாட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைக் கையில் பிடித்து ஆடுகிறவர் துரைப்பாண்டி. படையலில் வைத்த சாராயத்தைச் சாமி கேட்கும், பூசாரி வாயில் ஊற்றுவார். சாமி குடிக்கும். மறுநாள் காலையில் கேட்டால் துரைப்பாண்டிக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. மற்ற முன்னூற்று அறுபத்து நாலு நாளும் அந்த வாயில் வெற்றிலைகூடப் போனதில்லை. டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தால், சாமி குடித்ததை மறைத்தது ஆகும். அதனால் உள்ளதைச் சொன்னார். அந்த ஒரு வரி ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்து மருத்துவக் குழுவுக்குப் போய், அங்கே இருந்து ஆபீசுக்குப் போய், போகப் போகக் கொழுத்து, ஒழுங்கற்ற குடிப்பழக்கம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை சுந்தரி பாசனத் துறை ஆபீசுக்குப் போனாள். கண்காணிப்பாளர் குருபிரசாத் பெரிய ஹாலின் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிப் பத்து மேசை.

"சார், இவுகளுக்குக் குடிப்பழக்கம்னு எழுதியிருக்கீக. அது தப்பு."

"தப்புன்னு நீங்க சொன்னா ஆச்சாம்மா? ஃபைல்ல என்ன இருக்கோ அதத்தான் எழுத முடியும்."

"ஃபைல்ல இருக்கறது தப்பு சார்."

குருபிரசாத் ஃபைல் கட்டை எடுத்துப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பத்து மேசைக்கும் கேட்கிற சத்தத்தில் வாசித்தார். "'மனுதாரர் மதுப்பழக்கம் உள்ளவர் என மருத்துவமனைப் பதிவில் காணப்படுகிறது. மதுக்கடையில் அவர் அடிக்கடி மதுபானம் வாங்கியதைத் தாம் நேரில் கண்டதாக, உடன் பணிபுரியும் லஸ்கர் மாரிராஜ் எழுத்துமூலம் தெரிவித்துள்ளார்.' இது நானா சொல்லுதேன்? கூட வேல பாக்கறவன் சொல்லுதான்."

பத்து மேசையும் அவளைப் பார்த்தது. ஒரு மேசையில் யாரோ தொண்டையைச் செருமிச் சிரிப்பை அடக்கினார்கள். சுந்தரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

வெளியே, ஆபீஸ் எடுபிடியாக டீத்தட்டோடு வந்த மாரிராஜ் அவளைக் கண்டதும் நடையைத் திருப்பப் பார்த்தார். சுந்தரி மறித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணாச்சி, இவுக கடையில பாட்டில் வாங்குனத நீங்க பாத்தீகளாக்கும்?"

"மைனி... பாத்தியான்னு கேட்டாக. பாத்தேன்னுதான் எழுதிக் கொடுத்தேன். பொய் எழுதல."

"யாருக்கு வாங்குனாகன்னு கேட்டாகளா?"

மாரிராஜ் ஹாலுக்குள் பார்த்தார். "அதக் கேக்கல."

"நீங்களா எழுதவேண்டியதுதான? பெரிய ஆபீசர் வாராக, சர்க்யூட் ஹவுசுக்குக் கொண்டா, இன்னார் வாராக, கொண்டான்னு இதே சார்தான அனுப்புவாக? இவுக மஞ்சப்பையில மறைச்சுக் கொண்டுவந்து கொடுத்துட்டு, வீட்டுக்கு வந்து பைய ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுவாக. வாங்கிக் கொடுத்தவன் குடிகாரன், வாங்கிக் குடிச்சவன் கண்காணிப்பாளரா?"

"மெதுவா பேசுங்க மைனி. எனக்கு இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் இருக்கு. பிள்ளைக படிக்குது."

"இருக்கட்டும் அண்ணாச்சி. ஆறு வருசமும் இந்தத் தட்டத் தூக்கிட்டு நல்லா இருங்க."

திட்டியிருந்தால்கூட மாரிராஜுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

பொன்செல்வியின் கல்லூரித் தோழி மூலமாகத்தான் வக்கீல் ஜுவைரியா கிடைத்தாள். ஊர் கடையநல்லூர், வழக்கு நடத்துவது மதுரை ஹைகோர்ட்டில், ஞாயிறானால் ஊருக்கு வந்துவிடுவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி, துரைப்பாண்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு சுந்தரி போனபோது, ஜுவைரியாவின் உம்மா முதலில் நீர்மோரைத்தான் கொண்டுவந்தார்.

"உப்புப் போடாமத் தாங்கம்மா," என்றாள் சுந்தரி கூச்சத்தோடு.

"அண்ணாச்சிக்கா?"

"எங்க ரெண்டு பேருக்கும்."

ஜுவைரியா காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றாள். "ரத்தப் பரிசோதனை. ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்குன்னு தெளிவா போட்டிருக்கான். இந்தப் பக்கத்த ஒருத்தனும் திருப்பியே பாக்கல. மதுங்கற ஒரு சொல்லக் கண்டவுடனே எல்லாருக்கும் கண்ணு அங்கனயே நின்னுட்டு." பேனாவை எடுத்தாள். "பிரமாணப் பத்திரத்துல, 'எனக்கு எப்போதும் மது அருந்தும் பழக்கம் இருந்ததில்லை, ஒரு சொட்டும் தொட்டதில்லை'ன்னு போட்டுருதேன். கையெழுத்துப் போடுங்க."

"ஒரு சொட்டும்னு போடாதீக வக்கீலம்மா," என்றார் துரைப்பாண்டி.

"ஏன் அண்ணாச்சி?"

அவர் சொன்னார். கொடையைச் சொன்னார், வல்லயத்தைச் சொன்னார், சாமி கேட்பதைச் சொன்னார். ஜுவைரியா தாடையில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணாச்சி, குடிச்சது சாமின்னுதான நீங்களே சொல்லுதீங்க. அப்ப நீங்க குடிக்கலன்னு எழுதுனா பொய் இல்லையே?"

"குடிச்சது சாமிதான். வாயி என் வாயி. சத்தியம் பண்ணச் சொல்லுததும் இந்த வாயத்தான."

சுந்தரிக்கு வந்ததே கோபம். "இவ்வளவு தூரம் வந்து அரிச்சந்திரன் கதையா படிக்கீக? அன்னைக்கு டாக்டர்கிட்ட வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நமக்கு இந்தச் சீரழிவு உண்டுமா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் பொன்செல்வியும் பூக்கட்டிட்டே கிடக்கணுமா?"

துரைப்பாண்டி கோபப்படவில்லை. "ஏட்டி, இன்னைக்கு நான் தொட்டதே இல்லைன்னு சத்தியம் பண்ணுனா, அன்னைக்கு டாக்டர்கிட்டச் சொன்னது பொய்யின்னு ஆகும். அப்புறம் வருசத்துக்கு ஒருக்கதான்னு நான் சொன்னத எவன் நம்புவான்? உள்ளத உள்ளபடி எழுதச் சொல்லு. தோத்தாலும் நான் குடிகாரன்னு தோக்கணும், பொய்யன்னு தோக்கக்கூடாது."



"இப்பிடி ஒரு கட்சிக்காரர எனக்கு இதுவரைக்கும் அல்லா அனுப்புனதில்ல," என்றாள் ஜுவைரியா. எழுதியதை அடித்துவிட்டு, வேறே தாளில் உள்ளதை உள்ளபடி எழுத ஆரம்பித்தாள்.

வழக்குப் போட்டு ஏழு மாதம் கழித்து ஆபீசின் எதிருரை வந்தது. சித்திரை வெயில். ஜுவைரியா அதை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கே வந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, இவங்க புதுசா ஒண்ணு கொண்டாந்திருக்காங்க. அண்ணாச்சி இருபத்திரண்டு வருசம் எழுதுன நீர்மட்டப் பதிவேட்டையெல்லாம் எடுத்துப் பாத்திருக்காங்க. அதுல இருபது நாளு வேற ஒருத்தர் கையெழுத்துல இருக்காம். மாரிராஜ் கையெழுத்தும் இல்ல. குடிபோதையில வேலைக்கு வராம, யாரோ வெளியாள வச்சு அரசுப் பதிவேட்ட நிரப்பியிருக்கார்னு சொல்லுதாங்க. இத மறுக்க முடியாது. ஏன்னா அந்த இருபதுலயும் தேதிக்கு மேல ஒரு பிள்ளையார் சுழி இருக்கு. மத்த எந்தப் பக்கத்துலயும் இல்ல."

சுந்தரி பூக்கூடையைத் தள்ளி வைத்தாள். துரைப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"வக்கீலம்மா," என்றார் அவர். "கேச வாபஸ் வாங்கிருங்க."

"அண்ணாச்சி!"

"வாங்கிருங்கம்மா. ஓய்வூதியம் வேண்டாம். ஒண்ணும் வேண்டாம்."

ஜுவைரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுந்தரி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூக்கறை ஏறிய வலது கை.

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு அவளுடையது. எதை எழுத உட்கார்ந்தாலும், பலசரக்குச் சீட்டு என்றாலும், முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டாக வேண்டும். கை தானாகப் போடும்.

கொடைக்குத் துரைப்பாண்டி வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தான் லீவு எழுதிக் கொடுப்பார். "சனிக்கிழமை விடியக்கூடி எந்திரிச்சிருவேன், அதுக்கு எதுக்கு ஒரு லீவு?" என்பார். ஒரு வருசமும் எந்திரித்ததில்லை. ராத்திரி முழுக்க ஆடிய உடம்பு, அறுத்துப் போட்ட வாழைமரம் மாதிரிக் கிடக்கும். முதல் வருசம் ஐந்தரை மணிக்குத் தவழ்ந்து வாசல்வரைக்கும் போய், "மட்டம் பாக்கணும், மட்டம் பாக்கணும்" என்று படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். கல்யாணம் ஆகி மூன்று வருசம் ஆகியிருந்தது. அப்படி ஒரு ஆம்பிளை அழுது அவள் பார்த்ததில்லை. அவரைப் பாயில் இழுத்துப் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தாள். நன்றாக ஓட்டத் தெரியாது. கரைவரைக்கும் பாதி ஓட்டமும் பாதி தள்ளலுமாகப் போய், மடையில் குனிந்து பார்த்தாள். சித்திரை மாதம் குளம் வெடித்துக் கிடந்தது. அளவுக்கோட்டின் அடியில் ஒரு ஓணான் உட்கார்ந்திருந்தது. பதிவேட்டை எடுத்து, சுழி போட்டு, தேதி போட்டு, 'தண்ணீர் இல்லை' என்று எழுதினாள்.

இருபது கொடைக்கும் அவள்தான் எழுதினாள். இருபதிலும் பெரும்பாலும் தண்ணீர் இல்லைதான்.

"வக்கீலம்மா, அது என் கையெழுத்து," என்றாள் சுந்தரி.

"சுந்தரி, சும்மா இரி."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? கசிவு கண்டா மறைக்கக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுதவுகதான நீங்க?"

ஜுவைரியா நெற்றியைத் தேய்த்தாள். "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. அரசுப் பதிவேட்டுல நீங்க எழுதுனது தப்புதான். ஒத்துக்கிட்டா, அதுக்குன்னு தனியா நடவடிக்கை எடுக்கலாம். கோர்ட்டுல எல்லாருக்கும் முன்னால கேப்பாங்க."

"அதுக்குத்தான் வாபஸ் வாங்கச் சொல்லுதேன்," என்றார் துரைப்பாண்டி. "எம்பேரு போனாப் போகட்டும். இவளக் கூண்டுல ஏத்தி, நீ எழுதுனியா, ஏன் எழுதுனேன்னு கேக்கறதப் பாத்துட்டு நான் கிடக்கமாட்டேன்."

சுந்தரி எழுந்து கட்டில் பக்கம் போனாள். இத்தனை வருசத்தில் அவரை எதிர்த்துப் பேசியது கைவிரலில் எண்ணிவிடலாம்.

"கடையநல்லூர்ல வச்சு, உள்ளத உள்ளபடிதான் எழுதணும்னு நின்னீக. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, ஆனாலும் ஒத்துக்கிட்டேன். இது என் முறை. எழுதுன கை இந்தா இருக்கு. ஒங்க வாய்க்கு ஒரு நாயம், என் கைக்கு ஒரு நாயமா?"

துரைப்பாண்டி அவளுடைய வலது கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பொன்செல்வி எதிருரையைத் தன் பக்கம் இழுத்து, தேதிகளை வாசித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று செல்போனை எடுத்துப் பழைய காலண்டரைத் தேடினாள்.

"அக்கா," என்றாள் ஜுவைரியாவிடம். "இந்த இருபதும் சனிக்கிழமை. இருபதும் சித்திரைக் கடைசி வெள்ளிக்கு மறுநாளு."

"இருபத்திரண்டு கொடை வரணுமே. ரெண்டு குறையுதே?"

"ரெண்டாயிரத்து இருபதும் இருபத்தொண்ணும் இல்ல. கொரோனா. அந்த ரெண்டு வருசமும் கொடை நடக்கல."

ஜுவைரியா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "பாவிப்பயலுவ. நமக்கு வேண்டிய சாட்சியத் தேதி வாரியா அவங்களே எடுத்துக் கொடுத்திருக்கானுவ."

கேஸ் விசாரணைக்கு வர இன்னும் ஒரு வருசம் ஆயிற்று. மதுரையில் கோர்ட் ஹால் குளுகுளு என்று இருந்தது. துரைப்பாண்டியால் வர முடியவில்லை. சுந்தரியும் பொன்செல்வியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அரசு வக்கீல் இருபது தேதியையும் அடுக்கி, பொறுப்பில்லாத ஊழியர் என்றார். ஜுவைரியா சுந்தரியின் பிரமாணப் பத்திரத்தை நீட்டினாள். நீதிபதி அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இந்த அம்மா வந்திருக்காங்களா?"

சுந்தரி எழுந்தாள்.

"பதிவேட்டில் எழுதியது நீங்களா?"

"ஆமாய்யா."

"அது தவறு என்று தெரியுமா?"

"அன்னைக்குத் தெரியாதுய்யா. இப்பத் தெரியும். அவுக எந்திரிக்க முடியாமக் கிடந்தாக. மட்டம் எழுதாம விடக்கூடாதுன்னு அழுதாக. அதான் போனேன்."

"என்ன எழுதினீர்கள்?"

"தண்ணீர் இல்லைன்னு எழுதினேன்யா. தண்ணி கிடந்த வருசம் எத்தன அடியோ அத எழுதினேன். இல்லாதத எழுதல."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அரசு வக்கீலின் பக்கம் திரும்பினார். "இருபத்திரண்டு வருடத்தில் இந்த இருபது நாள் தவிர, அனுமதியில்லாமல் அவர் வராத நாள் வேறு ஏதாவது உண்டா?"

அரசு வக்கீல் பின்னால் நின்ற குருபிரசாத்தைப் பார்த்தார். குருபிரசாத் கட்டைப் புரட்டினார். முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார்.

"இல்லை, மை லார்ட்," என்றார் அரசு வக்கீல்.

"கிருமியால் வந்த நோய் என்று நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறதே, அதைப் படித்தீர்களா?"

குருபிரசாத் அரசு வக்கீலின் காதில் ஏதோ முணுமுணுத்தார்.

சுந்தரி அன்றைக்கு அங்கே ஒன்றைக் கண்டுகொண்டாள். தன் ஊர் ஹாலில் பத்து மேசைக்குக் கேட்கப் பேசிய குரல், இங்கே ஒரு மேசைக்குக்கூடக் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. மறுப்பு ஆணை ரத்து. எட்டு வாரத்துக்குள் இயலாமை ஓய்வூதியம் வழங்க வேண்டும். எட்டு வாரம் பன்னிரண்டு வாரம் ஆயிற்று. ஜுவைரியா அவமதிப்பு நோட்டீஸ் விட்ட பிறகுதான், வந்து ஆணையைப் பெற்றுக்கொள்ளவும் என்று போன் வந்தது.

ஆவணி மாதம். சுந்தரி துரைப்பாண்டியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். படியேற முடியாமல் அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். குருபிரசாத் ஒரு உறையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். முகத்தை நிமிர்த்தவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்கம்மா."

சுந்தரி உறையைப் பிரித்தாள். பொன்செல்வி வீட்டில் ஒருமுறைக்கு மூன்றுமுறை சொல்லி அனுப்பியிருந்தாள், என்ன என்ன இருக்க வேண்டும் என்று. ஓய்வூதிய ஆணை இருந்தது. 'நீதிமன்ற உத்தரவின்படி' என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான்.

"சார், குடிப்பழக்கம்னு எழுதுனது தப்புன்னு இதுல இல்லையே."

"அதெல்லாம் இதுல வராதும்மா. உங்களுக்கு வேண்டியது கிடைச்சாச்சு, பிறகென்ன?"

"எனக்கு வேண்டியது இன்னும் கிடைக்கல சார்." மஞ்சள் பையில் இருந்து தீர்ப்பு நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பதினொன்றாம் பக்கத்தில் பொன்செல்வி பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "இத வாசிங்க."

"இங்கிலீஷ்ல இருக்கு."

"தமிழ்ல சொல்லுங்க. அன்னைக்குத் தமிழ்லதான வாசிச்சீக?"

"ஏம்மா, வேலை நேரத்துல..."

"அன்னைக்கும் இது வேல நேரந்தான் சார். இதே ஹாலு. இதே பத்து மேச. நான் கையெழுத்துப் போடணும்னா நீங்க வாசிக்கணும். இல்லன்னா என் வக்கீலுக்கு போனப் போடுதேன்."

பத்து மேசையிலும் வேலை நின்றது. டீத்தட்டோடு வந்த மாரிராஜ் கதவோரம் நின்றுவிட்டார். குருபிரசாத் அந்த ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.  கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முணுமுணுவென்று ஆரம்பித்தார்.

"'ஆண்டுக்கு ஒருநாள் தெய்வ வழிபாட்டில் அருந்தியதை மறைக்காமல் சொன்ன ஊழியரை...'"

"கேக்கல சார்," என்றாள் சுந்தரி.

"'...ஊழியரைக் குடிகாரர் என்று எழுதியது, அவரது நேர்மையையே அவருக்கு எதிராகத் திருப்பிய செயல்...'"

"வராந்தாவுல ஒரு ஆளு உக்காந்திருக்காரு. அவருக்குக் கேக்கணும். அன்னைக்கு வாசிச்சீகல்ல, அந்தச் சத்தத்துல வாசிங்க."

கதவோரம் நின்ற மாரிராஜ் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, பாதி சாத்தியிருந்த கதவை முழுக்கத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கையால் பிடித்துக்கொண்டார்.

குருபிரசாத் முதலில் இருந்து வாசித்தார்.